முந்திரிப் பாலும் மல்லாட்டைப் பாலும்: வீட்டில் செய்யும் முறையும் கவனிக்க வேண்டியவையும்



பால் குடித்தால் வயிறு உப்பி, வயிற்றுப்போக்கு ஆகிறது என்பவர்கள் நம் குடும்பங்களில் பலர் உண்டு. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி வயது ஏற ஏறப் பலருக்குக் குறைந்துவிடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். இவர்களுக்கு முந்திரியிலும் வேர்க்கடலையிலும் எடுக்கும் பால் நல்ல பானம். அவற்றில் லாக்டோஸ் கிடையாது.

இதற்காகக் கடையில் விலை உயர்ந்த பெட்டிப் பால் வாங்க வேண்டியதில்லை. திருவதிகையை ஒட்டியுள்ள பண்ருட்டியும் காடாம்புலியூரும் முந்திரிக்குப் பேர் போனவை. மல்லாட்டையும் நம் மாவட்டத்துப் பயிர்தான். குருமாவுக்கு முந்திரி அரைக்கத் தெரிந்த எவருக்கும் இது எளிது. கடைகளில் விற்கும் பாதாம் பால் பெரும்பாலும் மாட்டுப் பாலில் பாதாம் கலந்தது. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது உதவாது.

முந்திரிப் பால்

உடைத்துத் தோல் நீக்கிய பருப்பு 100 கிராம் போதும். முழுப் பருப்பு தேவையில்லை, விலை குறைந்த உடைந்த பருப்பே போதும். ஓட்டோடு உள்ள கொட்டையை வீட்டில் உடைக்காதீர்கள், அதன் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும்.

பருப்பைச் சுடுநீரில் 2 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழுவுங்கள். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மிக்சியில் வெண்ணெய் போல அரைத்து, பிறகு கொதித்து ஆறிய தண்ணீர் சேர்த்து மொத்தம் 750 மில்லி ஆக்குங்கள். வடிகட்டத் தேவையில்லை. அடுப்பில் வைத்தால் கெட்டியாகும், ஆகவே மிதமான தீயில் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள்.

மல்லாட்டைப் பால்

பச்சைப் பயறு 100 கிராம் எடுத்து, சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது, இது கல்லீரலைத் தாக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்ததற்கு, தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சே காரணம்.

நல்ல பயறை இரவு முழுவதும் ஊறவைத்து, கையால் தேய்த்துத் தோல் நீக்கிக் கழுவி அரையுங்கள். 750 மில்லி தண்ணீர் சேர்த்து வெள்ளைத் துணியில் பிழியுங்கள். பாலைப் பொங்கவிடாமல் கிளறியபடி 10 நிமிடம் கொதிக்க விட்டால் பச்சை வாடை போகும். சக்கையைச் சட்னியிலோ அடை மாவிலோ சேர்க்கலாம்.

இரண்டிலும் ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய், இனிப்புக்குப் பேரீச்சம்பழம் சேர்க்கலாம். சர்க்கரை நோயாளிகள் இனிப்பைத் தவிர்க்கவும். ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் 2 நாள் இருக்கும், இல்லையென்றால் அன்றே குடித்துவிட வேண்டும். அடியில் தெளிந்து நின்றால் கலக்கிக்கொள்ளலாம். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். ஸஹர் நேரத்துக்கு முந்தின இரவே செய்து வைக்கலாம்.

பெயர்தான் பால்

ஒரு தம்ளர் (200 மில்லி) மாட்டுப் பாலில் சுமார் 240 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. மேலே சொன்ன அளவில் செய்த ஒரு தம்ளர் முந்திரிப் பாலிலோ மல்லாட்டைப் பாலிலோ அதில் பத்தில் ஒரு பங்குகூடச் சரியாகத் தேறாது. பி12 வைட்டமின் அறவே இல்லை. ஆகவே மாட்டுப் பாலை விட்டவர்கள் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முட்டை, மீன் இவற்றைத் தவறாமல் சேர்க்க வேண்டும். கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும், முயன்று பாருங்கள்.

குழந்தைகளுக்கு

தாய்மார்கள் இதை மனதில் வைக்க வேண்டும்: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இந்தப் பாலைக் கொடுக்கக் கூடாது. அப்படிக் கொடுத்தால் பார்ப்பதற்கு வயிறு நிறையும், குழந்தையின் வளர்ச்சி குன்றும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு திட உணவோடு 2 வயது வரை தாய்ப்பால் என்பதே உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. குர்ஆனும் பாலூட்டும் காலத்தை முழுமையாக்க இரண்டு ஆண்டுகள் என்றே சொல்கிறது. தாய்ப்பால் போதவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். பக்கத்து வீட்டு யோசனையை நம்பி மாற்றுப் பால் தொடங்காதீர்கள்.

முந்திரியும் வேர்க்கடலையும் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். முதல் முறை ஒரு தேக்கரண்டி மட்டும் கொடுத்துப் பாருங்கள். உதடு வீங்குதல், உடலில் தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் இவற்றில் எது தெரிந்தாலும் மறுபடி கொடுக்காதீர்கள். மூச்சுத் திணறினால் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். விருந்தாளிக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் அவர்கள் தாயிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்ட பிறகே குடிக்க வேண்டும்.