கலந்தாய்தலும் இசைதலும்: ஆங்கிலச் சட்டச் சொற்கள் இரண்டின் பொருள் எல்லை

0. ஒரு மொழியில் எல்லா இடத்தும் ஒரே பொருள் தரும் இரு சொற்கள் நெடுங்காலம் இணைந்து வாழ்வது அரிது என்பது சொற்பொருண்மையியலார் பலரும் ஏற்கும் கருத்தாகும். பொருளால் நெருங்கிய சொற்களுக்கு இடையேயுள்ள எல்லை அன்றாட வழக்கில் மங்கியிருந்தாலும் பேசுவோர் இடர்ப்படுவதில்லை. சூழலும் குரலும் முன்னறிவும் எல்லையை நிரப்பிவிடுகின்றன. சட்ட வழக்கில் இந்த உதவிகள் இல்லை. அங்குச் சொல் ஒன்றே சான்று. ஆங்கிலத்தில் ‘கன்சல்டேஷன்’, ‘கன்கரன்ஸ்’ என்னும் இரு சொற்களின் எல்லை எங்கே அமைகிறது என்ற வினா, இந்தியாவில் உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகளை நியமிப்பதில் இறுதிச் சொல் யாருடையது என்ற வினாவாகவே மாறிற்று. இவ்விரு சொற்களின் பொருட்கூறுகள், நீதிமன்றங்களில் அவை பெற்ற விளக்கங்கள், தமிழாக்கத்தில் அவை தரும் சிக்கல் ஆகியன இக்கட்டுரையில் நோக்கப்படுகின்றன.

1. சொற்களின் இயல்பு

‘கன்சல்ட்’ என்னும் வினை ஒரு செயல்முறையைக் குறிக்கிறது. நோயாளி மருத்துவரைக் ‘கன்சல்ட்’ செய்கிறார். மாணவர் அகராதியையும் மாலுமி வரைபடத்தையும் அவ்வாறே செய்கின்றனர். செயப்படுபொருள் உயிரற்ற பொருளாகவும் இருக்கலாம் என்பது இவ்வினையின் இயல்பை நன்கு காட்டுகிறது. அகராதி கருத்துக் கூறும். உடன்படவோ மறுக்கவோ அதனால் இயலாது. மருத்துவரைக் கண்டு அறிவுரை பெற்றபின் அதன்படி நடவாத நோயாளியும் ‘கன்சல்ட்’ செய்தவரே. செயல் நிறைவெய்துவதற்கு விளைவு இன்னதாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இவ்வினையில் இல்லை.

‘கன்கர்’ என்பது ‘உடன் ஓடுதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. இருவர் ஒரே திசையில் ஓடி ஓரிடத்தில் சேர்வது அதன் அடிப்படைப் படிமம். ஒரே காலத்தில் அனுபவிக்க வேண்டிய சிறைத்தண்டனைகளுக்கும், மத்திய அரசும் மாநில அரசும் ஒருங்கே சட்டம் இயற்றக்கூடிய பொருள்களைக் கொண்ட பட்டியலுக்கும் ஆங்கிலத்தில் இவ்வினையடியாகப் பிறந்த பெயரடையே வழங்குகிறது. கருத்தளவில் வரும்போது இச்சொல் ஒரு முடிநிலையைச் சுட்டும். முன்வைக்கப்பட்ட கருத்து ஒன்றும், அதனை ஏற்கவும் மறுக்கவும் வல்ல மனம் ஒன்றும் இருந்தால்தான் இச்சொல்லை ஆள முடியும். வரைபடம் ஒருபோதும் ‘கன்கர்’ செய்யாது.

ஒரு சோதனைத் தொடரால் வேறுபாடு தெளிவாகும். ‘இருவரும் கலந்தாய்ந்தனர், ஆயினும் கருத்தொற்றுமை ஏற்படவில்லை’ என்பது முரணற்ற தொடர். ‘இருவரும் இசைந்தனர், ஆயினும் கருத்தொற்றுமை ஏற்படவில்லை’ என்பது தன்னையே மறுக்கும் தொடர். ஆங்கிலத்தில் முன்னிடைச் சொற்களும் இவ்வேறுபாட்டுக்குத் துணை நிற்கின்றன. ‘ஆஃப்டர் கன்சல்டேஷன்’ என்னும்போது ‘ஆஃப்டர்’ காலத்தை மட்டும் வரையறுக்கிறது. கலந்தாய்வு முந்தியது, முடிவு பிந்தியது என்பதற்கு மேல் அது ஒன்றும் கூறவில்லை. ‘வித் த கன்கரன்ஸ்’ என்பதில் ‘வித்’ முடிவையும் இசைவையும் பிணைக்கிறது. இசைவு நீங்கினால் முடிவும் நீங்கும்.

2. அரசமைப்புச் சட்டத்தில்

அரசமைப்பை வரைந்தோர் இவ்வேறுபாட்டை அறியாதவர் அல்லர். ஜம்மு காஷ்மீர் பற்றிய 370ஆம் உறுப்பு இதற்குச் சிறந்த சான்று. இணைப்பு ஆவணத்தில் குறிக்கப்பட்ட பொருள்களைப் பொறுத்தவரை மாநில அரசுடன் ‘கன்சல்டேஷன்’ போதுமென்றும், பிற பொருள்களுக்கு அதன் ‘கன்கரன்ஸ்’ வேண்டுமென்றும் அவ்வுறுப்பு அடுத்தடுத்த வரிகளில் வேறுபடுத்தியது. மொழியியலார் கூறும் குறைந்த வேறுபாட்டு இணை போன்றே இரு சொற்களும் ஒரே சூழலில் எதிரெதிர் நிற்கின்றன. 2019 ஆகஸ்டில் அவ்வுறுப்பு செயலற்றதாக்கப்பட்டது. 2023 டிசம்பர் 11ஆம் நாள் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்நடவடிக்கையை ஏற்றது. ஆயினும் 1950இல் இரு சொற்களும் இருவேறு அதிகார அளவுகளைக் குறித்தன என்பதற்கான மொழிச்சான்றாக அது நிலைத்து நிற்கிறது.

நீதிபதிகள் நியமனம் பற்றிய 124, 217 ஆகிய உறுப்புகளிலும், உயர் நீதிமன்ற நீதிபதிகளின் இடமாற்றம் பற்றிய 222ஆம் உறுப்பிலும் வரும் சொல் ‘கன்சல்டேஷன்’ மட்டுமே. அது தற்செயலாக அமைந்ததும் அன்று. இந்தியத் தலைமை நீதிபதியின் ‘கன்கரன்ஸ்’ பெற்றே நியமனம் செய்ய வேண்டும் என்னும் திருத்தம் ஒன்றைச் சென்னையைச் சேர்ந்த பி. போக்கர் சாகிபு அரசமைப்பு நிர்ணய மன்றத்தில் முன்மொழிந்தார். 1949 மே 24ஆம் நாள் அதற்கு விடையளித்த அம்பேத்கர், தலைமை நீதிபதியும் பிற மனிதரைப் போலவே குறைகளும் விருப்பு வெறுப்புகளும் உடையவர் என்றும், அத்தகைய ஒருவருக்கு நியமனங்களைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் தருவது இடர் விளைக்கும் என்றும் வாதிட்டார். திருத்தம் ஏற்கப்படவில்லை. ஒரு சொல்லைத் தேர்ந்ததற்கும் மற்றொன்றை விலக்கியதற்கும் இத்துணைத் தெளிவான எழுத்துச்சான்று கிடைப்பது சொற்பொருள் ஆய்வில் அரிது.

3. நீதிமன்ற விளக்கங்கள்

தொடக்கக் காலத் தீர்ப்புகள் ‘கன்சல்டேஷன்’ என்னும் சொல்லின் அகப்பொருளை வரையறுப்பதில் கருத்துச் செலுத்தின. 1953இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சுப்பாராவ், ஒரு பொருள் குறித்து இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மனங்கள் ஒன்றோடொன்று மோதித் தக்க தீர்வை நாடுவதே கலந்தாய்வு என்று விளக்கினார். பின்வந்த தீர்ப்புகளிலும் எடுத்தாளப்பெற்ற இவ்விளக்கம் மொழியியல் நோக்கிலும் செம்மையானது. அகராதியைப் புரட்டுவது போன்ற ஒருதலைச் செயல் அன்று இது, மனங்களின் ஊடாட்டம் என்பதை அது நிலைநாட்டுகிறது. உடன்பாட்டை நிபந்தனையாக்கவும் இல்லை. இதற்கு மறுகோடியில், அரசுப் பணியாளர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாய வேண்டும் என்னும் 320ஆம் உறுப்பின் விதி மீறப்பட்டாலும் நடவடிக்கை செல்லாததாகாது என்று 1957இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. இங்குச் சொல்லின் பொருள் மாறவில்லை. அதன் வலிமையே குறைந்தது.

சிக்கல் முற்றியது நெருக்கடி நிலைக் காலத்தில்தான். 1976இல் உயர் நீதிமன்ற நீதிபதிகள் 16 பேர் இடமாற்றம் செய்யப்பட்டனர். குஜராத்திலிருந்து ஆந்திரப் பிரதேசத்திற்கு மாற்றப்பட்ட நீதிபதி சங்கல்சந்த் சேத் தொடர்ந்த வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் நடுவழி ஒன்றைக் கண்டது. கலந்தாய்வு முழுமையானதாகவும் பயனுள்ளதாகவும் இருத்தல் வேண்டும். தொடர்புடைய செய்திகள் யாவும் தலைமை நீதிபதியின் முன் வைக்கப்படுதல் வேண்டும். எனினும் கலந்தாய்வு இசைவு ஆகாது. 1981 டிசம்பர் 30ஆம் நாள் எஸ். பி. குப்தா வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட ஆயத்தின் பெரும்பான்மையும் இவ்வேறுபாட்டைக் காத்தது.

1993 அக்டோபர் 6ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் ஆயம் வேறு திசையில் சென்றது. தலைமை நீதிபதி தம் மூத்த சக நீதிபதிகள் இருவருடன் ஆய்ந்து கூறும் கருத்துக்கு முதன்மை உண்டு என்றும், அக்கருத்துக்கு இயையாத நியமனம் கூடாது என்றும் பெரும்பான்மையினர் தீர்ப்பளித்தனர். ‘கன்சல்டேஷன்’ என்றால் ‘கன்கரன்ஸ்’ என்று இத்தீர்ப்பு பொருள் கூறியதாக மக்கள் வழக்கிலும் இதழ்களிலும் சொல்லப்படுகிறது. இக்கூற்று முழுதும் சரியன்று. பெரும்பான்மைத் தீர்ப்பு தன் முடிவைத் தாங்கக் கொண்ட சொல் ‘முதன்மை’ என்பதாகும்; அதற்குக் காட்டிய காரணம் அகராதி அன்று, நீதித்துறையின் தற்சார்பு. செயல்முறையில் விளைவு ஒன்றே எனினும் மொழியியல் நோக்கில் இவ்விரண்டும் வேறு. ஒரு சொல்லின் பொருள் மாறுவது ஒன்று. பொருள் மாறாத சொல்லைச் சுற்றி ஒரு விதி வளர்ந்து அச்சொல்லை வேறு பணி செய்ய வைப்பது மற்றொன்று. 1993இல் நிகழ்ந்தது இரண்டாவதே. மருத்துவமனையிலும் நூலகத்திலும் ‘கன்சல்ட்’ என்னும் வினை முன்பிருந்த பொருளிலேயே வழங்குகிறது என்பது இதற்குப் போதிய சான்று.

1998 அக்டோபர் 28ஆம் நாள் வழங்கிய கருத்துரையில் உச்ச நீதிமன்றம் மூத்த நீதிபதிகளின் எண்ணிக்கையை நான்காக உயர்த்தியது. நாடாளுமன்றம் 99ஆம் திருத்தத்தின் வழி நியமன முறையையே மாற்ற முற்பட்டபோது, 2015 அக்டோபர் 16ஆம் நாள் நான்குக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையில் அத்திருத்தம் செல்லாதெனப்பட்டது. ‘கன்சல்டேஷன்’ என்னும் சொல் 124ஆம் உறுப்பில் தன் பழைய இடத்திற்கே மீண்டது. போக்கர் சாகிபு கேட்ட விளைவு, அம்பேத்கர் தேர்ந்த சொல்லின் கீழ் நடைமுறையில் உள்ளது.

4. தமிழாக்கம்

தமிழில் ‘கன்சல்டேஷன்’ என்பதற்குக் கலந்தாய்வு, கலந்தாலோசனை, ஆலோசனை ஆகியன வழங்குகின்றன. இவற்றுள் ‘ஆலோசனை’ பொருத்தமற்றது. அது பெறும் அறிவுரையையும் குறிக்கும், பெறும் செயலையும் குறிக்கும். ‘கலந்தாய்வு’ தகுதியான சொல்லே எனினும், தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரி மாணவர் சேர்க்கையிலும் ஆசிரியர் இடமாற்றத்திலும் அது வேறொரு நடைமுறைக்குப் பெயராகிவிட்டது. வினை வடிவில் ‘கலந்தாய்ந்து’ என ஆளும்போது இம்மயக்கம் பெரிதும் நீங்குகிறது. ‘கன்கரன்ஸ்’ என்பதற்கு ‘இசைவு’ ஏற்றது. ‘ஒப்புதல்’ மேலிருப்போர் கீழிருப்போருக்கு அளிப்பது, ‘அனுமதி’யும் அவ்வாறே. இசைவு நிகரானவர்களுக்கு இடையிலும் இயலும்.

உண்மையான இடர் கலைச்சொல்லில் இல்லை. தமிழின் மிக எளிய வினையொன்றில் உள்ளது. ‘கேள்’ என்னும் வினை வினவுதல், செவியுறுதல், கீழ்ப்படிதல் ஆகிய மூன்றையும் குறிக்கும். ‘என்னைக் கேட்காமல் ஏன் நிலத்தை விற்றாய்?’ என்று தந்தை மகனிடம் சினக்கும்போது, தம் கருத்தை அறியவில்லை என்பது மட்டுமன்று அவர் குறை. தாம் இசையாத செயல் நிகழ்ந்தது என்பதும் ஆகும். ‘உங்களைக் கேட்டேனே, நீங்கள் வேண்டாம் என்றீர்கள், பிறகு விற்றேன்’ என்று மகன் விடை கூறினால் அது விடையாகாது, கேலியாகும். ‘பெரியவர்களைக் கேட்டுச் செய்’ என்பதிலும் இசைவு உள்ளுறையாக நிற்கிறது. ஆங்கிலத்தில் இரு சொற்கள் பகிர்ந்துகொண்ட பொருட்பரப்பு முழுவதும் தமிழில் ஒரே வினைக்குள் அடங்கியிருக்கிறது.

நீதிபதிகள் நியமனத்தை மட்டும் சார்ந்த சிக்கலன்று இது. பட்டியலிடப்பட்ட பகுதிகளில் நிலம் கையகப்படுத்துமுன் கிராம சபையை அல்லது உரிய நிலை ஊராட்சியைக் ‘கன்சல்ட்’ செய்ய வேண்டும் என்பது ஊராட்சிகளை அப்பகுதிகளுக்கு விரிவாக்கிய 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல். 2013ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தல் சட்டம் அவ்விடத்தில் ‘கன்சென்ட்’ என்னும் மூன்றாவது சொல்லைக் கொண்டது. ‘கன்கரன்ஸ்’ இரு அதிகார அமைப்புகளுக்கு இடையில் நிகழ்வது. ‘கன்சென்ட்’ உரிமை பாதிக்கப்படுவோர் தருவது, தமிழில் ‘சம்மதம்’. பதினேழு ஆண்டுகளில் சட்டத்தின் சொல் கருத்துக் கேட்பிலிருந்து சம்மதத்திற்கு நகர்ந்திருக்கிறது.

இச்சட்டப் பகுதிகள் நடைமுறையிலுள்ள மாநிலங்களுள் தமிழ்நாடு இல்லை. ஆயினும் மையச் சட்டங்கள் தமிழாக்கம் பெறுகின்றன. 1973ஆம் ஆண்டின் அதிகாரமுறைப் பனுவல் சட்டப்படி, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின்கீழ் அரசிதழில் வெளியாகும் மொழிபெயர்ப்பு அம்மொழியில் அதிகாரமுறைப் பனுவலாகக் கருதப்படும். மொழிபெயர்ப்பாளர் தேரும் சொல்லே தமிழில் சட்டத்தின் சொல்லாகிவிடுகிறது. எனவே நீதிமன்றம் பின்னர் வகுத்த விளக்கத்தை முன்கூட்டியே மொழிபெயர்ப்பில் ஏற்றி, 124ஆம் உறுப்பில் ‘இசைவு’ என எழுதுதல் பிழையாகும். பெயர்க்கப்படுவது பனுவலே ஒழியத் தீர்ப்பன்று. அதுபோன்றே இரு சட்டங்களுக்கும் ‘கிராம சபையைக் கேட்டு’ என்று பொதுப்பட எழுதுதலும் தகாது. அத்தொடரைக் கேட்கும் சிற்றூர் மக்கள், தாம் வேண்டாமென்றால் நிலம் போகாது என்றே கொள்வர். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல் அவர்களுக்கு அவ்வுறுதியைத் தரவில்லை. முதற்சட்டத்திற்குக் ‘கிராம சபையின் கருத்தைக் கேட்டறிந்து’ என்றும், பிந்தியதற்குக் ‘கிராம சபையின் முன்சம்மதம் பெற்று’ என்றும் பெயர்த்தால் ‘கேள்’ என்னும் வினையின் உள்ளுறை முன்னதில் ‘கருத்தை’ என்னும் செயப்படுபொருளால் தடுக்கப்படுகிறது.