உங்களுக்குத் தெரியுமா? மலையேறும் கால்களுக்கும் காவல் தேவை

திருப்பதி அலிபிரியிலிருந்து திருமலைக்குச் சுமார் 3,550 படிகள். சித்தூர், வேலூர் பக்கத்து முதியவர்கள் பலர் அவற்றில் வெறுங்காலோடு ஏறுகிறார்கள். வயதானால் தோல் மெலிந்து வறளும்; நீண்டகால நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி மங்கும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்ட உண்மை இங்கும் பொருந்துகிறது: வலி தெரியாததால் கவனிக்கப்படாத காயமே பாதத்தைப் பெரிதும் அழிக்கிறது. குதிகால் வெடிப்பும் விரலிடுக்குச் சேற்றுப்புண்ணும் கிருமிக்கு வாசல். ஆகவே காலைக் காப்பது புண் வந்த பிறகு போடும் மருந்தைவிட, அன்றாடம் பாதத்தைப் பார்க்கும் பழக்கமே.

காலில் புண் வந்தாலும் ‘காய்ச்சல் இல்லையே, தானாகச் சரியாகும்’ என்பார்கள். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று பரவலாம். சோர்வும் மனக்குழப்பமும் முதல் அறிகுறியாகலாம். கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஒரு கால் மட்டும் சூடாகி, வீங்கி, வலித்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘அப்படியானால் படியேறும் வேண்டுதலை விட்டுவிடுவதா?’ என்று கேட்கலாம். விட வேண்டியதில்லை. ஆனால் உணர்ச்சி மங்கிய பாதத்தோடு வெறுங்காலில் ஏறுவது ஆபத்து. அப்படிப்பட்டவர்கள் பஸ்ஸில் சென்றும் தரிசிக்கலாம். மற்றவர்கள் இறங்கியதும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, குதிகாலில் மட்டும் தேங்காய் எண்ணெய் தடவட்டும். குனிய முடியாத பெரியவர்களின் பாதங்களைத் தினமும் வீட்டார் பார்த்துவிடட்டும்.