திட்டத்தில் ஒரு பெயர் எழுதுங்கள்

ஆண்டு பிறந்தால் வணிகன் புதுக்கணக்குத் திறக்கிறான். கமக்காரன் விதைநெல்லை அளந்து பார்க்கிறான். வாடைக்காற்றின் வேகம் தணியுமுன்னரே கடற்றொழிலாளி கரையில் அமர்ந்து வலையின் பொத்தல்களை அடைக்கத் தொடங்குகிறான். பாடசாலைகளும் அவ்வாறே திட்டம் தீட்டுகின்றன. சென்ற ஆண்டின் குறைகளை எண்ணி, வரும் ஆண்டில் செய்ய வேண்டியவற்றைக் கட்டம் கட்டமாக எழுதி, அதிபரின் ஒப்பத்துடன் வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கின்றன. வணிகன் தன் கணக்கேட்டை நாள்தோறும் விரித்துப் பார்க்கிறான். நாம் எழுதிய திட்டத்தை மறுபடி எப்போது விரிக்கிறோம்? பாடசாலை ஆசிரியனாகிய நான் இக்கேள்வியை முதலில் என்னை நோக்கியே கேட்கிறேன்.

திருகோணமலை, கோணேசர் ஆலயத்து மணியோசையும், பேராலயத்து மணியோசையும், பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒரே கடற்காற்றில் கலந்து வரும் ஊர். வீதிகளில் புள்ளிமான்கள் அச்சமின்றி உலவும் ஊர். இங்கே 1867ஆம் ஆண்டில் தோன்றியது புனித சூசையப்பர் கல்லூரி. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் அமைந்தது. 1895இல் பிரெஞ்சு நாட்டு இயேசுசபைத் துறவியர் கீழ்க்கரைக்கு வந்து சேர்ந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்காவின் தென்மாநிலங்களைச் சேர்ந்த இயேசுசபையார் அவர்கள் பணியைத் தொடர்ந்தனர். லூசியானாவிலிருந்து 1948இல் வந்த வணபிதா யூஜின் ஜோன் ஹேபியர் அவர்களுள் ஒருவர். கூடைப்பந்தாட்டம் கற்பித்தவர் என்று கீழ் மாகாணம் அவரை இன்றும் நினைவுகூர்கிறது. 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் நாள் மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்ட அவர் வழியிலே காணாமற்போனார்.

நான் திருநீறு அணிபவன். இந்துக் கல்லூரி வழியில் வந்தவன். எனக்கும் கத்தோலிக்கக் கல்லூரியொன்றின் ஆண்டுத் திட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசக அன்பர்கள் வினவலாம். சுவாமி விபுலாநந்தர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் பயின்றவர். அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். அதே பெரியார்தாம் 1925இல் இராமகிருஷ்ண மிஷன் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்றபோது அதனை வளர்த்தெடுத்தார். நல்லதை அயல் வீட்டில் கண்டால் கேட்டு வாங்கிவருவது நம்மவர்க்கு இழிவன்று.

அயல் வீட்டில் நான் கண்ட நல்லதொன்று உண்டு. இயேசுசபையைத் தோற்றுவித்த புனித இஞ்ஞாசியார் எழுதிய ஆன்மிகப் பயிற்சி நூல் 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது. அதிலே ஓர் எளிய முறை சொல்லப்படுகிறது. ஒருவன் தன்னிடமுள்ள குறைகளுள் ஒன்றை மாத்திரம் தெரிந்தெடுக்க வேண்டும். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஏட்டில் இரண்டு கோடுகள் வரைய வேண்டும். நண்பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் தன்னை ஆராய்ந்து, அக்குறை தலைகாட்டிய ஒவ்வொரு தடவைக்கும் கோட்டிலே ஒரு புள்ளி இட வேண்டும். பின்னர் இன்றைய புள்ளிகளை நேற்றைய புள்ளிகளோடும், இவ்வாரத்தைச் சென்ற வாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

இம்முறையின் நுட்பத்தைக் கவனியுங்கள். குறை ஒன்று, அதைப் பார்க்கும் கண் ஒன்று, பார்க்கும் வேளை நாளுக்கு இரண்டு. இயேசுசபைப் பள்ளிகளுக்கென 1599இல் வகுக்கப்பட்ட கல்வி ஒழுங்கிலும் இப்பழக்கமே தொடர்ந்தது. நேற்றைய பாடத்தை இன்று மீட்டல், வாரம் முழுவதும் படித்தவற்றைச் சனிக்கிழமை மீட்டல் என்று மீள்பார்வைக்கு அங்கே நேரம் ஒதுக்கப்பட்டது. நம் வள்ளுவப் பெருமானும் 'தெரிந்து செயல்வகை' என்று இதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார் அல்லவா?

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். இலங்கையில் 2006ஆம் ஆண்டிலே பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் சில வலயங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்தது. அதன்படி ஒவ்வொரு பாடசாலையும் தன் குறைநிறைகளைத் தானே ஆராய வேண்டும். அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர், கல்வித் திணைக்களப் பிரதிநிதி ஆகியோர் அடங்கிய பாடசாலை அபிவிருத்திக் குழு, ஐந்தாண்டுத் திட்டத்தையும் அதிலிருந்து ஆண்டுக்குரிய திட்டத்தையும் வகுக்க வேண்டும். எச்செயல், யார் பொறுப்பு, எத்தவணை, எவ்வளவு செலவு, நிறைவேறியதை எவ்வாறு அறிவது என்பவையெல்லாம் எழுதப்பட வேண்டும். கொழும்பிலிருந்து வரும் கட்டளைக்குக் காத்திராமல், தன் வீட்டு ஒழுக்கைத் தானே அடைக்கும் உரிமையைப் பாடசாலைக்குத் தந்த ஏற்பாடு இது. கருத்திலே குறை காண முடியாது.

குறை என்னைப் போன்றோரிடம் இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

2010ஆம் ஆண்டில் இத்துறைமுக மாவட்டத்துப் பாடசாலையொன்றிலே நான் இளம் ஆசிரியன். கையெழுத்து அழகாக இருந்ததால் ஆண்டுத் திட்டம் எழுதும் பணி என்னிடம் வந்தது. முந்திய ஆண்டின் திட்டத்தை மேசையில் விரித்தேன். 'மாணவரின் வாசிப்புத் திறனை 20 வீதத்தால் உயர்த்தல்' என்றிருந்தது. ஆண்டை மட்டும் மாற்றி, வரியை அப்படியே பெயர்த்தெழுதினேன். எதன் 20 வீதம், எவருடைய வாசிப்பு என்று நான் கேட்கவில்லை. என்னையும் எவரும் கேட்கவில்லை.

அவ்வாண்டு எட்டாந் தர வகுப்பில் பின்வாங்கிலே ஒரு பையன் இருந்தான். 2006இல் மூதூர்ப் பக்கத்துச் சண்டையில் இடம்பெயர்ந்த குடும்பம். அமைதியானவன், குழப்படி செய்யாதவன். கரும்பலகையில் உள்ளதைச் சித்திரம் வரைவதுபோல் அழகாகப் பார்த்தெழுதுவான். அதனால் அவனுடைய கொப்பி எப்போதும் நிறைந்திருக்கும். இரண்டாந் தவணையில் அவன் வரவு குன்றியது. வரவு இடாப்பில் சிவப்புக் கோடுகள் பெருகின. கடற்கரையோரத்து வீட்டுக்குத் தேடிச் சென்றேன். தாயார் வாசலுக்கு வந்தார்.

"அம்மா, தம்பியை ஏன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை?"

"அவன் கடலுக்குப் போறான், சேர். அவனுக்கு எழுத்துக் கூட்டவே தெரியாது. அங்க வந்து இருந்து என்ன செய்யிறது?"

நான் திகைத்து நின்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நாலு பள்ளிக்கூடம் ஏறி இறங்கினவன், சேர். இவனுக்கு வாசிக்கத் தெரியாது எண்டு ஒரு பள்ளிக்கூடத்திலயும் ஒருத்தரும் எனக்குச் சொல்லயில்லை."

அன்றிரவு திட்டக் கோவையை எடுத்துப் பார்த்தேன். வாசிப்புத் திறனை உயர்த்தும் வரி இருந்தது. அதன் எதிரே 'நிறைவேறியது' என்ற சொல்லும் என் கையெழுத்திலேயே இருந்தது.

இது என் ஒருவனுடைய பிழை மாத்திரமா? இந்நிகழ்ச்சித்திட்டத்தின் பயனை அறிய ஹர்ஷ அத்துருபான, போல் கிளூ முதலிய பொருளியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தினர். திட்டம் நடைமுறைப்பட்ட பாடசாலைகளையும் நடைமுறைப்படாத பாடசாலைகளையும் திருவுளச் சீட்டு முறையில் பிரித்து, மாணவரின் பரீட்சைப் புள்ளிகளை ஒப்பிட்டனர். நான்காந் தரப் பிள்ளைகள் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் முன்னேறியிருந்தனர். தாய்மொழியில் அத்தகைய முன்னேற்றம் புலப்படவில்லை. எட்டாந் தரத்திலோ எந்தப் பாடத்திலும் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. பாடசாலையின் நிலையை ஊராருக்கு அறிக்கையாகத் தெரிவிக்கும் வேறொரு ஏற்பாட்டையும் சோதித்தார்கள். அதனாலும் புள்ளிகள் உயரவில்லை.

ஆரம்ப வகுப்பில் பலித்தது எட்டாந் தரத்தில் ஏன் பலிக்கவில்லை? என் அனுபவத்துக்கு எட்டிய காரணம் ஒன்றைக் கூறுகிறேன். ஆரம்ப வகுப்பில் ஓர் ஆசிரியை காலைமுதல் மதியம்வரை அதே பிள்ளைகளோடு இருக்கிறார். எந்தப் பிள்ளை எதில் இடறுகிறது என்பது அவருக்குத் தெரியும். இடைநிலை வகுப்பிலே மணி அடிக்கும்தோறும் ஆசிரியர் மாறுகிறார். கணித ஆசிரியர் கணிதத்தைப் பார்க்கிறார். வரலாற்று ஆசிரியர் வரலாற்றைப் பார்க்கிறார். எட்டுப் பேர் கற்பிக்கும் பிள்ளை எவருடைய பிள்ளையுமாகாமற் போய்விடக்கூடும். அங்கே திட்டம் பாடத்தைக் காணும், வீதத்தைக் காணும், பிள்ளையைக் காணாது.

வீதத்தை மட்டும் துரத்துவதால் வரும் கேட்டை உலகம் முன்னரே கண்டிருக்கிறது. 1862இல் இங்கிலாந்திலே மாணவர் தேர்ச்சிக்கு ஏற்பப் பாடசாலைக்குப் பணம் கொடுக்கும் முறை வந்தது. பின்னர் அது இலங்கைக்கும் வந்தது. பரிசோதகர் எந்த நூலைக் கொடுத்து வாசிக்கச் சொல்வாரோ அந்நூலைப் பிள்ளைகளுக்கு நெட்டுருப் பண்ணுவித்தனர் உபாத்தியாயர்கள். எழுத்தறியாப் பிள்ளையும் பரிசோதகர் முன் கடகடவென்று ஒப்புவித்தது. பணம் வந்தது, வாசிப்பு வரவில்லை.

திட்டமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எதிர்பாராதது நேரும்போது திட்டத்தால் என்ன பயன் என்பாரும் உளர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மேல் குண்டு வீசின. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் புகுந்தது. 2020இல் கொள்ளைநோயும், 2022இல் எரிபொருள் தட்டுப்பாடும் பாடசாலைக் கதவுகளை அடைத்தன. இவற்றை எந்த ஆண்டுத் திட்டமும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. ஆயினும் கதவு மீண்டும் திறந்த நாளில், யார் எதில் பின்தங்கியிருந்தார் என்ற குறிப்புக் கையிலிருந்த ஆசிரியருக்குத் தொடங்கும் இடம் தெரிந்திருந்தது. குறிப்பில்லாதவர் முதற்பக்கத்திலிருந்து தொடங்கினார்.

ஆகவே, இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். பெரிய திட்டம் அதற்குரிய படிவத்தில் இருக்கட்டும். அதற்குள் ஒரு சிறிய கொப்பி வைத்திருக்கிறேன். முதலாந் தவணையின் முதல் வாரத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, முன்பின் பாராத ஒரு பந்தியை வாசிக்கச் செய்கிறேன். ஐந்து நிமிடம் போதும். இடறுவோரின் பெயர்களைக் கொப்பியில் எழுதுகிறேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே குறை. அதற்குப் பொறுப்பாக ஒரே ஆசிரியர். வெள்ளிக்கிழமைதோறும் அப்பொறுப்பாளர் ஒரு புள்ளி இடுகிறார். பெற்றோரையும் முதல் மாதத்திலேயே அழைத்து உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். பிள்ளையின் பெயர் ஊராருக்குத் தெரிய வேண்டியதில்லை. தாய்க்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

இம்முறையை நான் கைக்கொண்ட முதலாண்டில் கொப்பியில் ஐந்து பெயர்கள் இருந்தன. ஆண்டு முடிவில் மூவர் தட்டுத் தடங்கலின்றி வாசித்தனர். ஒருவன் எழுத்துக் கூட்டும் அளவுக்கு வந்தான். ஒருத்தி இடையிலேயே குடும்பத்துடன் வேறூர் சென்றுவிட்டாள். 'ஐவரில் மூவர்' என்பது மேடையிலே முழங்கக்கூடிய சாதனையன்று. ஆனால், அந்த மூவரும் யார் என்று எனக்குத் தெரியும்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் தவறாது செல்லுங்கள். கூரைக்கும் மதிலுக்கும் பணம் சேர்ப்பதோடு நின்றுவிடாமல், 'என் பிள்ளை தன் வயதுக்குரிய பந்தியை வாசிக்கிறதா?' என்று மரியாதையுடன் கேளுங்கள். மாணவச் செல்வங்களே, விளங்காததை விளங்கியதுபோல் பார்த்தெழுதிக் கொப்பியை நிரப்பாதீர்கள். தெரியாது என்று ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

2022ஆம் ஆண்டு, மண்ணெண்ணெய்க்குப் படகுக்காரர் வரிசையில் நின்ற காலம். மீன் இறங்குதுறையருகே ஒருவன் என்னைக் கண்டு ஓடிவந்தான். முறுக்கேறிய தோள், வெயிலில் கறுத்த முகம். அவனை அடையாளங்காண எனக்குச் சற்று நேரம் பிடித்தது. மடியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினான்.

"சேர், இதைக் கொஞ்சம் நிரப்பித் தாங்கோ."

அவன் முகத்திலே என்மேல் கோபம் சிறிதும் இல்லை. நான் அப்படிவத்தில் அவன் பெயரை எழுதினேன். 2010ஆம் ஆண்டுத் திட்டத்தில் நான் எழுதியிருக்க வேண்டிய பெயர் அது.