கட்டணமில்லாக் காட்டில் மூன்று இரவுகள்

சிங்கப்பூரில் கூடாரம் போட வேண்டுமென்றால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். தேசியப் பூங்காக் கழகத்திடம் இணையம்வழி அனுமதி பெற்று, ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலோ பாசிர் ரிஸ் பூங்காவிலோ அதற்கென ஒதுக்கிய பகுதியில் கூடாரம் போடுவோம். கொஞ்சம் நடந்தால் கழிவறை, இன்னும் கொஞ்சம் நடந்தால் சாப்பாட்டுக் கடை.

அந்தப் பழக்கத்தோடுதான் மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் அமெரிக்கா போனேன். பருவம் முடிந்த ஜூன் மாதத்தில் மூன்று தோழிகளுடன் வயோமிங் மாநிலத்தில் உள்ள கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவுக்குப் புறப்பட்டேன். பூங்காவுக்குள் இருக்கும் முகாம் இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிட்டன. பக்கத்து ஊரான ஜாக்சனின் ஹோட்டல் விலையைப் பார்த்து நால்வரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு எங்களில் ஒருத்தியான அமெரிக்கத் தோழி, “அப்படியென்றால் காட்டில் தங்கலாம். காசு கொடுக்க வேண்டாம்” என்றாள். நான் அதை விளையாட்டுப் பேச்சு என்றே நினைத்தேன்.

ஆனால் உண்மையிலேயே அப்படி ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் தேசியப் பூங்காவும் தேசிய வனமும் வேறு வேறு. பூங்காக்கள் உள்துறை அமைச்சின்கீழ் வருகின்றன. வனங்களை 1905இல் அமைக்கப்பட்ட வனச் சேவைத் துறை பார்த்துக்கொள்கிறது. அது வேளாண்மை அமைச்சைச் சேர்ந்தது. அங்கே மரம் வெட்டுவதும் மாடு மேய்ப்பதும்கூட நடக்கும். பூங்காவில் கூடாரம் போடக் குறிப்பிட்ட இடமும் கட்டணமும் உண்டு. வனத்திலோ பெரும்பாலான பகுதிகளில் கட்டணமின்றி, முன்பதிவின்றி, சாலையோரமாக ஆங்காங்கே தங்கலாம். ‘டிஸ்பர்ஸ்டு கேம்பிங்’ என்று இதற்குப் பெயர். கிராண்ட் டீட்டன் பூங்காவை ஒட்டியுள்ள பிரிட்ஜர்-டீட்டன் தேசிய வனம் மட்டுமே சிங்கப்பூரைப் போல் 18 மடங்கு பெரியது.

நாங்கள் போனது பூங்காவின் கிழக்கு எல்லையில் உள்ள ஷேடோ மவுண்டன். கரடுமுரடான மண்பாதை. எங்கள் காரின் அடிப்பகுதி இரண்டு முறை கல்லில் தட்டியதும் மேலே போகும் ஆசையை விட்டுவிட்டோம். இங்கே நிறையப் பேர் வருவதால் குறித்துவைத்த இடங்களில் மட்டுமே தங்க முடியும். காலியாக இருந்த ஓர் இடத்தில் காரை நிறுத்தினோம். எதிரே பள்ளத்தாக்கு. அதற்கு அப்பால், அடிவாரக் குன்று எதுவும் இல்லாமல் நேரே எழும் டீட்டன் மலைத்தொடர். அதன் மிக உயரமான சிகரம் 4,199 மீட்டர். உபின் தீவில் பள்ளி முகாமுக்குப் போனபோது ஏறிய குன்றுதான் அதுவரை நான் ஏறிய மலை. அதை இங்கே நினைக்கவே சிரிப்பு வந்தது.

குழாய் இல்லை. கழிவறை இல்லை. குப்பைத் தொட்டியும் இல்லை. 40 லிட்டர் தண்ணீரை ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தோம். ‘அந்த’ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது அதைத்தான். நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்ட வேண்டும். வேலை முடிந்ததும் மூட வேண்டும். தாளைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுபோவதே நல்லது. முதல் நாள் சங்கடமாக இருந்தது, இரண்டாம் நாள் பழகிவிட்டது.

அன்றிரவு சோறும் பருப்பும் சமைத்தோம். பானை கழுவிய தண்ணீரைக் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே ஊற்றினேன். அப்போது அடுத்த இடத்தில் வேனில் தங்கியிருந்த பெண் நெற்றியில் விளக்கோடு எங்களிடம் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

“சாப்பாட்டுப் பொருளெல்லாம் காருக்குள் வைத்துவிட்டீர்களா?” என்று கேட்டார்.

வைத்துவிட்டோம் என்றோம்.

“பற்பசை?”

அதைப் போய் எடுத்து வந்தாள் ஒருத்தி.

“வேறு?”

சிங்கப்பூரிலிருந்து அம்மா அனுப்பிய முறுக்குப் பொட்டலம் என் தலையணைக்கு அடியில் இருந்தது. தோழிகளுக்குக்கூடத் தெரியாது. அவமானத்தோடு எடுத்து நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

அது கிரிஸ்லி கரடி வாழும் காடு. உணவு, குப்பை, வாசனையுள்ள எதையும் பூட்டிய வாகனத்திலோ கரடி திறக்க முடியாத பெட்டியிலோ வைக்க வேண்டும் என்பது அங்கே வெறும் அறிவுரை இல்லை, சட்டம். மனித உணவின் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப மனிதரைத் தேடி வரும், கடைசியில் அதைக் கொல்லவும் நேரிடும். இதைத் தெரிந்துகொண்டுதான் போயிருந்தோம். ஆனால் அந்தப் பெண் சொன்னது வேறு.

“இங்கே ஒரு கரடி வந்துவிட்டால் இந்தப் பாதையையே மூடிவிடுவார்கள். நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள். நான் எங்கே போவது?”

அவர் ஜாக்சனில் ஓர் உணவகத்தில் வேலை செய்கிறார். கோடைக்காலம் முழுவதும் வேன்தான் வீடு. அந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 97 விழுக்காட்டு நிலம் அரசாங்கத்துடையது, வீடு கட்டக் கிடைப்பது மீதிதான். மாநில வருமான வரி இல்லாததால் பெரும் பணக்காரர்கள் அங்கே வீடு வாங்குகிறார்கள். தட்டு எடுப்பவருக்கும் அறை சுத்தம் செய்பவருக்கும் வாடகை எட்டாது. அதனால் சிலர் காட்டுக்கு வருகிறார்கள். அதற்கும் கெடு உண்டு. பல தேசிய வனங்களில் 14 நாள் வரை தங்கலாம், ஜாக்சனைச் சுற்றிக் கோடையில் 5 நாள்தான். அன்று அவருக்கு ஐந்தாம் இரவு. மறுநாள் வேலை முடிந்ததும் வேறு இடம் தேட வேண்டும்.

நாங்கள் சாகசம் என்று வந்த இடத்தில் இன்னொருவர் வாடகை கொடுக்க முடியாமல் வாழ்கிறார். அன்றிரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. குளிரும் ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஜூன் மாதத்திலும் சுழியத்தை நெருங்கியது.

காலையில் சூரியன் எங்கள் முதுகுப் பக்கம் எழுந்து, எதிர் மலையின் உச்சிகளை இளஞ்சிவப்பாக்கியது. வேன் போயிருந்தது. டயர் தடத்தைத் தவிர அங்கே யாரும் இருந்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை. மறுபக்கத்து இடத்திலோ விடியுமுன் கிளம்பிப்போன கும்பல் ஒன்று நெருப்பை அப்படியே விட்டிருந்தது. சாம்பலுக்கு அடியில் இன்னும் கங்கு. தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, கையால் தொட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்று தெரியும்வரை விடவில்லை. எங்கள் 40 லிட்டரில் 15 லிட்டர் அதற்கே போய்விட்டது. அடுத்த இரண்டு நாளும் முகம் கழுவுவதில்கூடச் சிக்கனம்.

பரிமாற்றத் திட்டத்தில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். முதலில் வனச் சேவை அலுவலகத்துக்கு நேரில் போய் இலவச வாகனப் பாதை வரைபடத்தை வாங்குங்கள்; எங்கே தங்கலாம், நெருப்பு மூட்டத் தடை இருக்கிறதா என்றும் கேளுங்கள். கைப்பேசியை நம்ப முடியாது, எங்களுக்குச் சிக்னலே கிடைக்கவில்லை. அடுத்து, கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பானை அங்கேயே வாங்குங்கள். விமானத்தில் கொண்டுபோக அனுமதி இல்லை.

நான்காம் நாள் குப்பை மூட்டையைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு ஜாக்சனுக்கு இறங்கினோம். காலைச் சாப்பாட்டுக்குப் போன இடத்தில், தட்டு கொண்டுவந்த பெண்ணின் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் இல்லை. முறுக்கைக் காரில் பிரித்து நால்வரும் தின்றோம்.