தரச்சான்றுக்குப் போகும் காசுக்கு யார் சாட்சி?

அரிய நாணயங்களின் தரத்தை 1 முதல் 70 வரையிலான எண்ணால் சொல்லும் முறையை வகுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர். பழைய அமெரிக்கச் செம்புக் காசுகளைப் பற்றி 1949இல் அவர் எழுதிய நூலில் அந்த அளவுகோல் வந்தது. உலகெங்கும் தரச்சான்று நிறுவனங்கள் இன்று பின்பற்றுவது அதன் வழிவந்ததைத்தான். அதே ஷெல்டன், நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்து நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையைச் சேர்ந்த மட்டமான காசுகளை அந்த இடத்தில் வைத்துவிட்டார் என்பது 1977இல் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்தே வெளியே வந்தது. தட்டைத் திறந்து எண்ணினால் கணக்குச் சரியாக இருக்கும், ஆண்டும் வகையும் பொருந்தும். பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? காட்டிக்கொடுத்தவை பழைய புகைப்படங்கள். காசுகள் நன்கொடையாக வந்த காலத்துப் படங்களைத் தட்டில் இருந்தவற்றோடு ஒப்பிட்டபோது கீறலும் கறையும் ஒத்துப்போகவில்லை. கைமாறிப்போன காசுகளுக்காக 1990களில் தொடங்கிய வழக்கு கடைசியில் சங்கத்துக்குச் சாதகமாக முடிந்தது.

இந்தக் கதையில், தரச்சான்றுக்குக் காசு அனுப்ப நினைக்கும் யாருக்கும் ஒரு சேதி இருக்கிறது. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியையும் டேப்பையும் காப்பீட்டையும் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அவையும் வேண்டியவைதான். ஆனால் ‘என் காசு இதுதான், இந்த நிலையில்தான் இருந்தது’ என்று முன்பின் தெரியாத ஒருவரை நம்பவைக்கும் ஆதாரம் கையில் இல்லாவிட்டால், காப்பீட்டுக்காரரிடமும் பேச முடியாது, நிறுவனத்திடமும் பேச முடியாது. அந்த ஆதாரத்தைக் காசு வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தயாரித்தாக வேண்டும்.

பி.சி.ஜி.எஸ். என்ற நிறுவனம் 1986இலும் என்.ஜி.சி. என்ற நிறுவனம் 1987இலும் அமெரிக்காவில் தரச்சான்றுத் தொழிலைப் பெரிய அளவில் தொடங்கின. அதற்கு முன் பெரும்பாலும் விற்கும் வியாபாரி சொன்னதே தரம். அதே காசைத் திருப்பி விற்கப் போனால் அதே வியாபாரியின் கண்ணுக்குத் தரம் இறங்கிவிடும். விற்பனையில் பங்கில்லாத மூன்றாமவர் பார்த்து, எண் கொடுத்து, ஒட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து முத்திரையிட்டால் இந்த வம்பு குறையும் என்பதுதான் ஏற்பாடு. உறைக்குள் போன காசை வாங்குகிறவருக்கு நிறுவனத்தின் உத்தரவாதம் உண்டு. ஆக, உறை காப்பது முதலில் வாங்குகிறவரைத்தான். உறைக்குள் போகும்வரை காசுக்காரருக்கு அவரே துணை.

ஒரு காசை எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். 1909இல் வெளிவந்த லிங்கன் சென்ட்டின் பின்புறம், கீழ் விளிம்பருகே, சிற்பி விக்டர் டேவிட் பிரென்னரின் முதலெழுத்துகள் ‘வி.டி.பி.’ என்று பொறிக்கப்பட்டிருந்தன. விளம்பரம்போல் இருக்கிறதென்று எதிர்ப்பு வரவே சில நாட்களிலேயே எழுத்துகள் நீக்கப்பட்டன. அதற்குள் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை அடித்தவை 4,84,000 மட்டுமே. பிலடெல்பியாவில் அடித்தவையோ கோடிகளில். இரண்டுக்கும் வேறுபாடு, ஆண்டுக்குக் கீழே பொடியாக நிற்கும் ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்து. எனவே மலிவான பிலடெல்பியா காசில் ‘எஸ்’ ஒட்டி விற்பது பழைய மோசடி. அசலை அடிக்கப் பயன்பட்ட முன்புற அச்சுகள் நான்குதான் என்பதால் அந்த எழுத்து உட்காரும் இடங்களும் நான்கே. எழுத்தின் மேல் வளைவுக்குள் ஊசிமுனை அளவில் ஒரு புடைப்பும் உண்டு. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் இது தெரியும்.

இப்படிப்பட்ட காசை அனுப்புகிறவர் எடுக்க வேண்டிய குறிப்பு என்ன? இருபுறமும் நேரே ஒரு படம், ஒளியைச் சாய்த்து ஒரு படம், விளிம்புக்கு ஒன்று, அந்த ‘எஸ்’ எழுத்துக்கு மட்டும் நெருக்கமாக ஒன்று. நூறில் ஒரு கிராம் காட்டும் தராசில் எடை. இந்த சென்ட்டுக்கு 3.11 கிராம், குறுக்களவு 19 மில்லிமீட்டர். ஆனால் எடையும் அளவும் இந்த வகைக் காசு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஒரு காசை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுபவை அதன் குறைகள்: லிங்கனின் கன்னத்தில் ஒரு வெட்டு, பின்புறக் கோதுமைக் கதிருக்கு அருகே ஒரு கரும்புள்ளி. எந்தக் குறைக்காகச் சேகரிப்பாளர் மனம் வருந்துகிறாரோ அதுவே அவருடைய காசுக்கு அங்க அடையாளம். அதைத்தான் கவனமாகப் படமெடுக்க வேண்டும்.

செம்பு என்பதால் இன்னொரு காரணமும் இருக்கிறது. அடித்தபோதிருந்த சிவப்பு மாறாத காசு, பாதி மங்கியது, பழுப்பாகிவிட்டது என்று செம்புக் காசுகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள். விலை படிப்படியாக இறங்கும். உறைக்குள் போன பிறகும் செம்பு நிறம் மாறலாம். அதனால் பி.சி.ஜி.எஸ். 2010 முதல் செம்பின் நிறத்துக்கு உத்தரவாதம் தருவதையே நிறுத்திவிட்டது. அனுப்பிய நாளில் என்ன நிறம் இருந்தது என்பதற்கு அன்று எடுத்த படத்தை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

படமெடுக்கும் கையோடு காசைச் சற்றே துலக்கி அனுப்பலாமே என்று தோன்றும். குத்துவிளக்குக்குப் புளி போட்டுப் பழகிய கை அல்லவா! அந்த ஆசைதான் வழியில் தொலைவதைவிட அதிகக் காசுகளைக் கெடுத்திருக்கும் என்பது என் கணிப்பு. தேய்த்த காசு அசலாக இருந்தாலும் அதற்கு எண் தரம் கிடைக்காது. ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்ற குறிப்போடு திரும்பும், விலையில் பெரும்பங்கு போய்விடும். அதேபோல் மென்மையான பி.வி.சி. பையில் வருடக்கணக்கில் கிடந்த காசில் பச்சைப் பிசுக்கு படியும். அனுப்பும்போது பி.வி.சி. கலக்காத மைலார் உறை வேண்டும். ஸ்டேபிள் முள் கூடாது. கழற்றும்போது அதன் நுனி கீறும். விளிம்பைப் பிடித்து எடுக்க வேண்டும், ஏனென்றால் செம்பின் மேல் பதிந்த கைரேகை நாளடைவில் கறையாக அரித்து நிலைத்துவிடும்.

அஞ்சலைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. காசு உள்ளே குலுங்கக் கூடாது, பெட்டிக்குள் பெட்டி வேண்டும், வெளியே ‘நாணயம்’ என்ற சொல்லே தென்படக் கூடாது. அமெரிக்காவில் பெருவிலைக் காசுகளுக்குப் பலரும் நம்புவது அரசு அஞ்சல் துறையின் பதிவுத் தபாலை. மெதுவாகத்தான் போகும், ஆனால் ஒவ்வொரு கை மாற்றமும் பதிவாகும், காப்பீடு 50,000 டாலர் வரை உண்டு. பிளாஸ்டிக் டேப்பை ஏற்க மாட்டார்கள், காகித டேப் ஒட்டி ஒவ்வொரு இணைப்பின் மேலும் தேதி முத்திரை குத்துவார்கள். பிரித்து ஒட்டினால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். 1958இல் நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன், ஹோப் வைரத்தை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியதும் இந்தத் தபாலில்தான். மொத்தச் செலவு 145 டாலர் 29 சென்ட். அதில் பெரும்பகுதி காப்பீட்டுக்கு. தனியார் கூரியரில் எழுதும் ‘அறிவித்த மதிப்பு’ தானாகவே காப்பீடு ஆகிவிடாது என்பதையும் படித்துப் பார்த்தே ஒப்படைக்க வேண்டும்.

இத்தனை சொன்னாலும் சிலர் கேட்பார்கள்: நிறுவனம் பெரியது, கேமரா முன்னால் பிரிக்கிறார்கள், காப்பீடு வைத்திருக்கிறார்கள், நான் ஏன் மெனக்கெட வேண்டும்? கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தக் கேமரா பெட்டி போய்ச் சேர்ந்த பிறகு என்ன இருந்தது என்பதைத்தான் சொல்லும். கிளம்பியபோது என்ன இருந்தது என்பது அதற்குத் தெரியாது. தவிர, தேர்ந்த கண்களும் தவறும். 1896, 1900, 1902 ஆண்டுகள் பொறித்த, சின்ன ‘ஓ’ எழுத்துள்ள மார்கன் வெள்ளி டாலர்களை நிறுவனங்கள் அசல் என்று சான்றளித்துவந்தன. அவை பழைய காலத்துப் போலிகள் என்று 2005இல் பி.சி.ஜி.எஸ். முடிவுக்கு வந்தது. தேர்ந்த கண்களும் தவறும் என்பதைத் தரத்தை மறுபரிசீலனைக்கு அனுப்புகிறவர்களும் நினைவில் வைக்க வேண்டும். தரம் குறைத்துச் சொல்லிவிட்டார்கள் என்று உறையை உடைத்துக் காசை மட்டும் திரும்ப அனுப்பினால், இருந்த உத்தரவாதமும் போகும், உடைக்கும்போது காசில் கீறலும் விழலாம், இரண்டாம் முறை எண் இன்னும் இறங்கவும் கூடும். உறையோடே மறுபார்வை கேட்கும் வசதி இருக்கும்போது உடைப்பது வீண் சூதாட்டம்.

இன்னொரு வாதம் பணத்தைப் பற்றியது. படிவத்தில் அறிவிக்கும் மதிப்பைப் பொறுத்தே கட்டணம் என்பதால், குறைத்து எழுதினால் மிச்சம்தானே? காசு உயர்ந்த தரம் பெற்றால் நிறுவனம் உயர்ந்த கட்டணத்தை எப்படியும் வாங்கிக்கொள்ளும். காசு தொலைந்தாலோ, எழுதிய தொகைக்கு மேல் கேட்க வாயிருக்காது. தன் கையெழுத்தில் தானே எழுதிக் கொடுத்த சாட்சியம் தனக்கே எதிராக நிற்கும்.

நம் ஊரிலிருந்து அனுப்ப நினைப்பவர்களுக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தடை இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப்பொருள்கள் சட்டம், நூறாண்டு நிறைந்த நாணயத்தைத் தொல்பொருள் என்கிறது. அதை நாட்டை விட்டு அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும் அது அதிகாரம் அளித்த அமைப்புக்கும் மட்டுமே. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. விற்கவில்லை, தரம் பார்த்துத் திருப்பி வாங்கத்தான் அனுப்பினேன் என்பது இதற்குப் பதிலாகாது. சோழர் காசும் விஜயநகர வராகனும் கம்பெனி காலத்துச் சென்னைக் காசும் இதில் அடங்கும். அவற்றை வைத்திருப்பவருக்கு மேலே சொன்ன படங்களும் எடைக் குறிப்பும்தான் கைவசமுள்ள சான்று. உள்நாட்டில் நாணயவியல் தெரிந்தவரின் எழுத்துமூலக் கருத்தை அதோடு சேர்த்துக்கொள்ளலாம். ஆறாம் ஜார்ஜின் 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய்போல, அரிதானதும் போலிகள் மலிந்ததுமான காசுக்கு இந்தத் தடை இல்லை. சுங்கத் துறையிடம் ஏற்றுமதிக்கும் மறு இறக்குமதிக்கும் முறையான ஆவணம் எடுத்துக்கொண்டு அனுப்பலாம். இல்லாவிட்டால் திரும்பிவரும் தன் காசுக்கே வரி கட்ட நேரலாம். சட்டம் இப்படியே இருந்தால், அந்த ரூபாய்க்கும் இந்த வழி 2039 வரைதான்.