ஒரு யந்திரத்தில் பல குடித்தனங்கள்

ஒண்டுக்குடித்தனம் நமக்குப் புதிதல்ல. ஒரே வீடு, நாலு குடும்பம், நாலு அடுப்பு, கிணறு மட்டும் பொது. கம்ப்யூட்டருக்குள்ளும் இதே ஏற்பாடு உண்டென்றால் வாசகர்கள் வியப்படையலாம். ஒரே யந்திரத்தை ஒரு மென்பொருள் பல யந்திரங்களாகப் பிரித்துக் காட்டுகிறது. ஒவ்வொன்றும் தான் ஒரு தனி வீடு என்றே நினைத்துக்கொள்கிறது! 1960களிலேயே ஐ.பி.எம். கம்பெனியார் தங்கள் பெரிய யந்திரங்களில் இதைச் சாதித்துவிட்டார்கள். 1999-இல் வி.எம்.வேர் கம்பெனி இந்த வித்தையை மேஜைக் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்தது.

இதில் இரண்டு ரகம் உண்டு. வீட்டுக்காரர் தாம் இருக்கும் வீட்டிலேயே ஓர் அறையை வாடகைக்கு விடுவது ஒன்று. விண்டோஸோ லினக்ஸோதான் வீட்டுக்காரர். அவர் தயவில் விர்ச்சுவல்பாக்ஸும் வி.எம்.வேர் ஒர்க்ஸ்டேஷனும் குடியிருக்கின்றன. மற்றொன்று, குடித்தனக்காரர்களுக்கென்றே கட்டிய கட்டடம். மேற்பார்வைக்கு ஒரு காரியஸ்தர் மட்டும் உண்டு. இ.எஸ்.எக்ஸ்.ஐ., பிராக்ஸ்மாக்ஸ் ஆகியவை இந்த ரகம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? என் நண்பர் ஒருவர் தம் கடைக் கணக்கு முழுவதையும் முதலில் சொன்ன ரகத்தில் வைத்திருந்தார். ஒருநாள் இரவு விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, யந்திரத்தை நிறுத்தி மறுபடி கிளப்பியது. காலையில் கடையைத் திறந்தால் பில் போட வழியில்லை. வீட்டுக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் குடித்தனக்காரர் கதி என்ன?

அதற்காக வீட்டு மேஜையில் சர்வர் மென்பொருளை ஏற்றுவதும் சரியல்ல. அந்த யந்திரத்தின் முன் உட்கார்ந்து கடிதம் தட்ட முடியாது. வேறொரு கம்ப்யூட்டரிலிருந்துதான் அதை ஆள வேண்டும். 2020-இல் வெளிவந்த இ.எஸ்.எக்ஸ்.ஐ. 7, பல மேஜைக் கம்ப்யூட்டர்களில் இருக்கும் ரியல்டெக் நெட்வொர்க் சில்லைத் தானாக அடையாளம் கண்டுகொள்வதில்லை.

செலவையும் பார்க்க வேண்டுமல்லவா? வி.எம்.வேரை பிராட்காம் கம்பெனி 2023 நவம்பரில் வாங்கியது. அடுத்த மாதமே, ஒரு தடவை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமத்தின் விற்பனை நின்றது, இனிச் சந்தாதான். ஆனால் ஒர்க்ஸ்டேஷன் 2024 நவம்பரில் எல்லோருக்கும் இலவசமாயிற்று. பிராக்ஸ்மாக்ஸுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. கம்பெனியின் உதவி வேண்டுமானால்தான் பணம்.

ஆகவே, பழகிப் பார்க்கவும் பரீட்சை செய்யவும் முதல் ரகமே சௌகரியம். இரவும் பகலும் ஓடி, பிறர் பிழைப்பைத் தாங்கும் காரியத்துக்கு இரண்டாவது ரகம். எதுவானாலும், உங்கள் பிராசஸரில் இந்த வசதி இருக்கிறதா, பயாஸில் அது திறந்திருக்கிறதா, பல குடித்தனத்துக்குப் போதிய மெமரி உண்டா என்று முதலில் பாருங்கள். வீட்டைப் பார்த்த பிறகுதானே முன்பணம் கொடுப்போம்!