பீரோவில் ஒரு பிஸ்டல்

"பொங்கலுக்குப் புதுப் பானை வாங்கி வாருங்கள் என்றால், இது என்ன கூத்து?" என்றாள் என் மனைவி.

2024-ம் வருஷம் ஜனவரி மாதம் இரண்டாவது வாரம். பானையும் வாங்கித்தான் வந்திருந்தேன். மஞ்சள் கொத்தையும் இஞ்சிக் கொத்தையும் கூட மறக்கவில்லை. ஆனால் அவள் பார்வை அவற்றின் மேல் செல்லவேயில்லை. நான் மேஜை மேல் வைத்த சிறு பெட்டியிலேயே பதிந்திருந்தது. பெட்டிக்குள்ளே, கறுப்பு மெத்தையில், தூங்குகிற குழந்தையைப் போல் ஒருக்களித்துப் படுத்திருந்தது ஒரு புத்தம் புதிய .32 கைத்துப்பாக்கி. அதன் அருகே ரசீது. ரசீதின் அருகே சர்க்கார் முத்திரையிட்ட லைசென்ஸ்.

"இதை எங்கே வைக்கப் போகிறீர்கள்?"

"பீரோவில்."

"அதில் என் கல்யாணப் புடவை இருக்கிறது" என்றாள். அன்று மாலையே புடவை வேறு பெட்டிக்குக் குடிபெயர்ந்தது. எங்கள் வீட்டில் துப்பாக்கி அடைந்த முதல் வெற்றி அதுதான். கடைசி வெற்றியும் அதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

இந்த விருந்தாளியை நான் ஏன் அழைத்து வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். திருவொற்றியூரில் முப்பது வருஷமாக ஒரு சிறு லேத் பட்டறை நடத்தி வருகிறேன். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். அந்தக் காலத்தில் சனிக்கிழமை தோறும் பாங்கிலிருந்து பணம் எடுத்து வந்து கூலி கொடுப்பது வழக்கம். 2009-ம் வருஷத்தில் ஒரு சனிக்கிழமை, எண்ணூர் நெடுஞ்சாலையில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் வரிசை பிடித்து நின்றிருந்த நேரத்தில், இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ஒருவன் என் தோளில் தட்டினான். மற்றவன் பையைப் பறித்தான். லாரிகளின் இடுக்கில் புகுந்து மறைந்தார்கள். ஒன்பது குடும்பங்களின் ஒரு வாரச் சாப்பாடு அரை நிமிஷத்தில் போய்விட்டது. பணத்தைக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆனால் தோளில் பட்ட அந்த விரல்களின் ஸ்பரிசம் மட்டும் பல வருஷம் போகவேயில்லை.

கடைசியில் 2021-ல் லைசென்ஸுக்கு மனுப் போட்டேன்.

நம் தேசத்தில் துப்பாக்கி வாங்குவது பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதைவிடக் கடினம் என்று சொல்லுவார்கள். அது முற்றிலும் உண்மை. போலீஸ் விசாரணை, அக்கம்பக்கத்தாரின் அபிப்பிராயம், தேகமும் மனமும் சரியாயிருப்பதாக டாக்டர் கொடுக்கும் அத்தாட்சி, ஆயுதத்தைப் பத்திரமாகக் கையாளத் தெரியும் என்று பயிற்சி பெற்றதற்கு ஓர் அத்தாட்சி, வீட்டில் பூட்டி வைக்க வசதி உண்டு என்று ஓர் உறுதிமொழி, இவை எல்லாம் வேண்டும். இதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. கேட்பவனுக்கெல்லாம் துப்பாக்கி கொடுக்கும் தேசங்களின் கதியைப் பத்திரிகைகளில் வாசித்துக்கொண்டுதானே இருக்கிறோம்? 2023-ம் வருஷக் கடைசியில் லைசென்ஸ் கைக்கு வந்தது.

ஆனால் விதி செய்த வேடிக்கையைப் பாருங்கள். மனுப் போட்டதற்கும் லைசென்ஸ் வந்ததற்கும் இடையில் என் பட்டறையில் கூலி கொடுக்கும் முறையே மாறிவிட்டது. சனிக்கிழமை மாலை நான் டெலிபோனைத் தொட்டால் போதும். ஒன்பது பேருடைய கணக்கிலும் பணம் விழுந்துவிடுகிறது. பறிப்பதற்குப் பையே கிடையாது! எந்தக் காரணத்துக்காகத் துப்பாக்கி கேட்டேனோ, அந்தக் காரணம் செத்துப் போய்விட்டது. அப்படியிருந்தும் நான் ஏன் வாங்கினேன்? அதற்கு யோக்கியமான பதில் ஒன்றுதான்: ஆசை.

அந்த ஆசைக்குக் கொஞ்சம் சரித்திரமும் உண்டு. 1878-ல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது ஆயுதச் சட்டம் பிறந்தது. வெள்ளைக்காரருக்கு விலக்கு; இந்தியனுக்கோ விலங்கு. இந்தச் சட்டத்தைப் பிரிட்டிஷ் ஆட்சி செய்த தீமைகளிலெல்லாம் மிகக் கரியது என்று சரித்திரம் கருதும் என 1918-ல் எழுதியவர் யார் தெரியுமா? அஹிம்சா மூர்த்தியான மகாத்மா காந்தியேதான்! கோழைக்கு அஹிம்சை இல்லை, ஆயுதம் எடுக்கக் கூடியவன் எடுக்காமலிருப்பதே அஹிம்சை என்பது அவருடைய சித்தாந்தம். 1931-ல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், சட்டதிட்டங்களுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் இடம் பெற்றிருந்தது.

1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு ஜெர்மன் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தை நோக்கிக் குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திற்று. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டு ஓடினார்கள். அந்தக் கப்பல் தமிழுக்கு ஒரு புது வார்த்தையைத் தந்துவிட்டுப் போயிற்று. இன்றும் கெட்டிக்காரனை 'எம்டன்' என்கிறோம். கைத்துப்பாக்கியால் கப்பலை எதிர்க்க முடியாது என்பது வாஸ்தவம். ஆனால் எங்களைக் காக்கிறோம் என்று ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டவர்கள் அன்றிரவு காக்கவில்லை என்பதும் வாஸ்தவம்.

தமிழ் நாட்டில் பிஸ்டல் என்றவுடன் நினைவுக்கு வருவது மணியாச்சி ஜங்ஷன். 1911 ஜூன் 17-ந் தேதி, ரயில் பெட்டியில் அமர்ந்திருந்த கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பிரௌனிங் கைத்துப்பாக்கி. அடுத்த குண்டை அவன் தனக்கே வைத்துக்கொண்டான். அந்தச் செயலைப் பற்றி நேயர்களுக்குப் பல அபிப்பிராயங்கள் இருக்கலாம். எனக்குத் தோன்றுவது இது: அவன் ஆயுதத்தை ஏந்தியபோது தன் உயிருக்கும் சேர்த்தே விலை கொடுத்துவிட்டான். நானோ ரசீதுக்கு மாத்திரம் விலை கொடுத்தேன்.

சுதந்திரம் வந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஸ்ரீ எச். வி. காமத் எழுந்து, ஆயுத உரிமையையும் அடிப்படை உரிமைகளில் சேர்க்க வேண்டும் என்று வாதாடினார். டாக்டர் அம்பேத்கர் இணங்கவில்லை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை அரசியல் சட்டத்தில் ஏறியது. ஆயுதம் வைக்கும் உரிமை ஏறவில்லை. பழைய சட்டத்துக்குப் பதிலாக 1959-ல் நாமே ஒரு சட்டம் செய்துகொண்டோம். ராணுவத்தாரும் போலீஸாரும் உபயோகிக்கும் 9 மில்லிமீட்டர் ரகம் நம் போன்றவர்களுக்குத் தடை; .32-க்கு அனுமதி உண்டு. 2019-ல் வந்த திருத்தப்படி, ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. எனக்கோ ஒன்றே அதிகமாயிற்று!

இனி, அந்த யந்திரத்தைப் பற்றி.

இரும்போடு வாழ்ந்தவனுக்கு இரும்பின் குணம் தெரியும். எங்கள் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது 1950-களில். அந்த வண்டியின் சின்னம் பீரங்கி. துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்பதே அதன் பெருமை. பீரங்கிப் படத்தைப் பார்த்தே வளர்ந்த ஊர் எங்களுடையது. ஆகையால் பிஸ்டலைக் கையில் எடுத்தவுடன் நான் முதலில் பார்த்தது அதன் வேலைப்பாட்டைத்தான். மேல் தகடு பின்னும் முன்னும் நழுவுகிற பள்ளத்தில் மயிரிழைகூட ஆட்டமில்லை. விளிம்புகளில் பிசிறில்லை. கையில் எடுத்தால் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கனம். கைப்பிடிக்குள் நுழையும் தகரக் கூட்டில் எட்டுத் தோட்டாக்கள்.

இதன் விசேஷம் 'இரட்டைச் செயல்' என்பது. பிரௌனிங் காலத்துத் துப்பாக்கிகளில், முதலில் மேல் தகட்டை இழுத்து உள்ளேயுள்ள யந்திரத்தைத் தயாராக நிறுத்தி வைக்க வேண்டும். விசை அதை விடுவிக்க மாத்திரமே செய்யும். இரட்டைச் செயல் துப்பாக்கியில் விசையை இழுத்தால், சுத்தியல் தானே பின்னால் எழுந்து, தானே விழுந்து அடிக்கிறது. பொஹீமியாவைச் சேர்ந்த தொமிஷ்கா என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதற்கு வழி கண்டார். 1929-ல் ஜெர்மனியின் வால்தர் கம்பெனி வெளியிட்ட 'பி. பி.' என்ற பிஸ்டல்தான் இம்முறையை உலகெங்கும் பரப்பிற்று.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் இழுப்பில் சுத்தியலை எழுப்பும் வேலையும் விரலுடையது. ஆகவே அது நீளமான இழுப்பு, கனமான இழுப்பு. தோட்டா வெடித்தபின், அந்த அதிர்ச்சியிலேயே மேல் தகடு பின்னே பாய்ந்து, காலித் தோட்டாவை வெளியே எறிந்து, சுத்தியலையும் எழுப்பி நிறுத்திவிடுகிறது. பிறகு இரண்டாவது இழுப்பு இறகைப் போல இலேசு. மூன்றாவதும் அப்படியே.

சுடும் பயிற்சிக் கழகத்தில் முதல் நாள் இதை நேரில் அனுபவித்தேன். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. முதல் குண்டு, விசையோடு நான் மல்லுக் கட்டியதில், இலக்குக்கு ஒரு முழம் கீழே போய் மண்ணைத் தின்றது. இரண்டாவது, நான் எதிர்பார்ப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டது. பயிற்சியளித்த பெரியவர் சிரித்துக்கொண்டே, "முதல் தடவை யோசிக்க வைக்கும், இரண்டாம் தடவை யோசிக்க விடாது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். துப்பாக்கியைப் பற்றித்தான் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் இரவு மின்சாரம் நின்றுவிட்டது. கடற்காற்றும் இல்லாத புழுக்கம். மணி ஒன்றிருக்கும். மொட்டை மாடியில் யாரோ நடக்கும் ஓசை கேட்டது. ஒரு வாளி உருண்டது.

துப்பாக்கி இல்லாத காலமாயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? விளக்கை ஏற்றி, "யார் அது?" என்று தெருவே எழும்பும்படி கத்தியிருப்பேன். அன்று கத்தவில்லை. பீரோவைத் திறந்தேன். தோட்டாக் கூட்டைப் பொருத்தினேன். மனைவி என் கையைப் பிடித்தாள், உதறினேன். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் கையை நான் உதறியது அதுவே முதல் தடவை. செருப்பில்லாமல், பூனையைப் போல் படியேறினேன்.

தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் ஒரு உருவம் குந்தியிருந்தது. நீட்டினேன். 2009-ல் என் தோளைத் தட்டிய விரல்கள் நினைவுக்கு வந்தன. "யார்?" என்ற வார்த்தை தொண்டையைத் தாண்டிக் கஷ்டப்பட்டு வெளியே வந்தது.

"முதலாளி, நான்தான்..." என்றது அழுகைக் குரல்.

என் பட்டறையில் வேலை பழகும் பையன்! பத்தொன்பது வயது. தகப்பனார் குடித்துவிட்டு அடித்ததால், படுக்க இடமின்றிப் பக்கத்து மாடி வழியாக ஏறி வந்திருக்கிறான். எங்களை எழுப்பக் கூச்சமாயிருந்ததாம்.

கையைத் தாழ்த்தியபோதுதான் கவனித்தேன். விசையின் வளையத்துக்குள்ளே என் விரல் இருந்தது. பயிற்சியில் பெரியவர் படித்துப் படித்துச் சொன்ன முதல் பாடமே, சுடுவதென்று தீர்மானிக்கும்வரை விரல் வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது. விரல் எப்போது உள்ளே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. விசை பாதி வழி வந்திருந்ததோ, கால் வழியோ, அறியேன். அந்த முதல் இழுப்பு கனமாயிருந்தது என்ற ஒன்றை மட்டும் அறிவேன்.

தற்காப்புரிமை என்பது சட்டத்தில் உண்டு. அபாயம் நேரும் என்ற நியாயமான அச்சம் இருக்க வேண்டும். காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யலாகாது என்று அதற்கு எல்லையும் உண்டு. கோர்ட்டில் ஒருவேளை நான் தப்பித்திருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை காலையில் அந்தப் பையனுடைய லேத் முன்னால் போய் நிற்க என்னால் முடிந்திருக்குமா?

என் மனைவி அவனுக்கு மோர்ச் சாதம் போட்டுப் பாயை விரித்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்ச் 16-ந் தேதி லோக் சபைத் தேர்தல் தேதிகளை அறிவித்தார்கள். தேர்தல் காலத்தில் லைசென்ஸ் ஆயுதங்களை ஒப்படைப்பது நம் நாட்டு வழக்கம். மற்றவர்கள் இதை ஒரு தொல்லையாகச் சொல்லிக்கொள்வார்கள். நானோ நோட்டீஸ் வந்த அன்றே போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டேன். அன்றிரவு நான் தூங்கிய தூக்கத்தைப் போல் ஜனவரிக்குப் பிறகு ஒரு நாளும் தூங்கியதில்லை.

ஜூன் 4-ந் தேதி முடிவுகள் வந்தன. பிறகும் இரண்டு வாரம் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் வாங்கி வந்தது வீட்டுக்கல்ல. லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடம் நேராகக் கொண்டுபோய்ப் பாதுகாப்பில் வைத்துவிட்டேன். மாதம் ஒரு முறை எடுத்துப் போய், காகித இலக்கைச் சுட்டுவிட்டு, துடைத்து எண்ணெயிட்டுத் திரும்பக் கொடுத்துவிடுகிறேன். என் குறி இப்போது வெகுவாகத் தேறியிருக்கிறது. நல்ல யந்திரம்; அதைப் பற்றி நான் சொன்ன புகழில் ஒரு வார்த்தையையும் திரும்பப் பெறவில்லை.

ஆயுதம் வைக்கத் தகுதியற்ற ஜாதி என்று ஒரு காலத்தில் அந்நியன் நம்மை ஒதுக்கினான். அந்த அவமானம் துடைக்கப்பட வேண்டியதுதான், துடைக்கப்பட்டும்விட்டது. ஆனால் அந்நியன் கொடுக்க மறுத்தான் என்பதற்காக ஒரு பொருள் நமக்கு வேண்டியதாகிவிடாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு லைசென்ஸும், பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனின் அழுகுரலும் தேவைப்பட்டன.

எங்கள் ஊர்க் கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. கப்பல் கப்பலாகச் செல்வம் வைத்திருந்து, எல்லாவற்றையும் துறந்து வந்தவர் அவர். அந்த அளவுக்கு நான் போகவில்லை. பீரோவைக் காலி செய்ததோடு நிறுத்திக்கொண்டேன். மறுநாளே கல்யாணப் புடவை தன் பழைய இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது.